தற்காலிக லைன்

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு அப்படி எழுதக் கை வரவில்லை. வெள்ளிக்கிழமை என் வயிற்றைக் கிழிக்க நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குள் நீங்கள் வந்து உங்கள் தங்கைக்குப் புத்தி சொல்லி என்னை வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும்.

இரண்டு மாதமாக நான் ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் புஸ் புஸ்ஸென்று சத்தம், கக்கூஸ் கோப்பை நிறையக் குமிழி. முப்பத்துநான்கு வருஷம் குழாய் வேலை பார்த்தவன் வேறென்ன நினைப்பான், கழிவுக் குழாயில் காற்று அடைத்து மேலே தள்ளுகிறது என்று முடிவுகட்டி, தரை ஓடுகளை உடைத்து, குழாயை மாற்றி, பூசி முடித்துவிட்டுப் போய் நின்றால் மறுபடியும் புஸ். சரி, வீட்டைக் கட்டினவன் சரியில்லை என்று திட்டிவிட்டு, மகளைப் பார்க்கச் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். அங்கேயும் அதே சத்தம். சம்பந்தி வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்தும் கேட்காமல் அங்கேயும் தரையை உடைத்தேன். மாப்பிள்ளைதான் வாசலில் நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னார், "மாமா, ரெண்டு வீட்டுலயும் சத்தம் வருது. ரெண்டு வீட்டுக்கும் பொதுவா இருக்கிறது நீங்கதானே?"

அப்புறம் காய்ச்சல், அப்புறம் ஸ்கேன். டாக்டரம்மா படத்தைக் காட்டினார். "ஐயா, உங்க பெருங்குடல் சுவத்துல சின்னச் சின்னப் பையா புடைச்சிருக்கு. அதுல ஒண்ணு புண்ணாகி, மூத்திரப்பையோட ஒட்டி, ஓட்டை போட்டுருச்சு. குடல் காத்துதான் அதுவழியா வருது. இது எல்லாருக்கும் வர்றதில்ல." கழிவு லைனை நல்ல தண்ணீர் லைனோடு சேர்த்த ஆளை நான் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேன், மச்சான். என் வயிற்றுக்குள்ளேயே அந்த அயோக்கியத்தனம் நடந்திருக்கிறது.

கெட்ட பகுதியை வெட்டிவிட்டு நல்ல முனைகளைச் சேர்ப்பார்களாம். அது நியாயம், நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் தேவைப்பட்டால் சில மாதத்துக்கு மட்டும் மலம் போக வயிற்றில் வழி வைத்து ஒரு பை மாட்டுவார்களாம், தற்காலிகமாக. அந்த வார்த்தையில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. தற்காலிக லைன் என்று சொல்லி நான் போட்டுக் கொடுத்த எதையும் திரும்பிப் போய் மாற்றினதாக எனக்கு ஞாபகமே இல்லை. ஆகவே கையெழுத்துப் போட மாட்டேன். மாத்திரை போதும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நூறு வயது வயிற்றுவலி இல்லாமல் வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டியவன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை மறந்துவிடுங்கள். சாயங்காலம் எனக்குக் குளிர்நடுக்கம் வந்தது. ஓட்டையை அடைக்காவிட்டால் விஷம் ரத்தத்தில் ஏறும் என்றார் டாக்டரம்மா. உங்கள் தங்கை என் காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள், "சத்தம் உங்ககிட்டேருந்துதான் வருதுன்னு எனக்கு முதல் நாளே தெரியும். சொன்னா பயந்துடுவீங்கன்னு ரெண்டு வீட்டையும் உடைக்க விட்டுட்டேன். நான்தான் தப்புப் பண்ணிட்டேன்." நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என்னைக் கூட்டிப் போக வர வேண்டாம், வெள்ளிக்கிழமை அவள் பக்கத்தில் உட்கார வாருங்கள். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. அதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். இதைத் தபாலில் போடப் போகிறவள் அவள்தான், படிக்காமலா போடுவாள்.