துரைசாணி ஒரே இழுப்பில் கிளம்பிய விவரம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

அநேக வணக்கங்கள். இவ்விடம் நான், என் மனைவி, நிறைமாதமாக இருக்கும் உங்கள் மருமகள், மூவரும் சுகம். அவ்விடம் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான்காவதாக, தாங்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனபோது நிறுத்த இடமில்லை என்று என் தலையில், மன்னிக்கவும், என் பொறுப்பில் விட்டுச்சென்ற அந்தப் பழைய இங்கிலாந்து கார், நாங்கள் துரைசாணி என்று கூப்பிடுகிறோமே, அவளும் பரம சுகம். இன்று காலையோடு சேர்த்துத் தொடர்ந்து ஏழு நாள், விரல் விறைக்கிற குளிரில், யாரும் தள்ளாமல், ஒரே இழுப்பில் கிளம்பிவிட்டாள். ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் மருமகளைக் கூட்டிப்போக வரவேண்டிய அவசியம் இல்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் சென்ற மாதக் கடிதம் என் மேசைமேல்தான் இருக்கிறது. "உங்கள் வீடு மேட்டுத் தெருவில். எட்டு மணிக்கு முன் வாடகைக் கார் அங்கே ஏறாது. இருக்கிற ஒரு வண்டியும் குளிரில் கிளம்பாது. விடியற்காலையில் வலி எடுத்தால் என்ன செய்வீர்கள்? அடுத்த மாதக் கடைசி ஞாயிற்றுக்குள் வண்டி ஒரே இழுப்பில் கிளம்பி ஆஸ்பத்திரி போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் மருமகள் எங்களிடம் வந்துவிடட்டும், இங்கே ஆஸ்பத்திரி எதிர்வாடையிலேயே இருக்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். நியாயமான பேச்சுதான், ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் படித்துவிட்டு என் மனைவி அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்து அழுதாள். முதல் பிரசவத்துக்குப் பெண் தன் பக்கத்தில் இருக்கப்போகிறாள் என்று அறையெல்லாம் வெள்ளையடித்து வைத்திருந்தவள். மகளும் அம்மாவை விட்டுப் போக மாட்டேன் என்கிறாள். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். கடைசியில் அடிக்கோடு போட்டு ஒன்று எழுதினீர்களே, "நீங்கள் பல் டாக்டர், வண்டியில் கை வைக்காதீர்கள், என் வாயில் வலித்த பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கியவர் நீங்கள்" என்று, அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்தப் பல்லும் இன்னும் ஒரு வருஷத்தில் கெட்டிருக்கும் என்று அன்றைக்கே சொன்னேன். போகட்டும்.

முதலில் முறைப்படி மெக்கானிக்கைத்தான் கூப்பிட்டேன். எங்கள் பக்கம் அவருக்குத் 'தட்டல்' என்று பேர், எதையும் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். சாவகாசமாகப் பதினோரு மணிக்கு வந்தார். அதற்குள் எதிர்வீட்டுக்காரர் தள்ளி, வண்டி கிளம்பி, இன்ஜின் நல்லா சூடாகி ஓடிக்கிட்டு இருக்கு. இவர் காதை வைத்துக் கேட்டு, அங்கே ஒரு தட்டு இங்கே ஒரு தட்டு தட்டி, "சார், வண்டி வைரம், இதுக்கு ஒண்ணுமே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போயிட்டார். மறுநாள் காலையில் வைரம் அசையலை. இப்படி நாலு தரம். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. என் கிளினிக்கில் முப்பது வருஷம் பார்த்த சங்கதிதானே இது! ராத்திரியெல்லாம் துடிச்சேன் டாக்டர்னு வருவாங்க, நாற்காலியில் உட்கார்ந்ததும் வலி போயிடும், எந்தப் பல்லுன்னே காட்டத் தெரியாது. (தங்கள் விஷயத்திலும் அதுதான் நடந்தது.) குளிர்ந்த இன்ஜினோட நோயை, குளிர்ந்திருக்கும்போது பார்த்தால்தான் உண்டு.

இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது சம்பந்தி, தாங்கள் பாலம் கட்டின இன்ஜினியர், புரிந்துகொள்வீர்கள். ஒரு தடவை கிளம்பிட்டா இன்ஜின் சூடாயிடும், அன்னைக்கு அதோட சரி. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பரீட்சை. அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்க்கணும், இல்லாட்டி எதால் குணமாச்சுன்னு தெரியாது. நோட்டுப் போட்டு எழுதினேன். முதல் நாள், பேட்டரியைக் கழற்றிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பளி போர்த்தி வைத்தேன். "எனக்கு இருக்கிறது ஒரு கம்பளி, அதையும் எடுத்து அதுக்குப் போர்த்திட்டீங்களா?" என்று மனைவி. பலன்: பூஜ்யம். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பூனை ஷெட்டுக்குள் புகுந்து இன்ஜின் மூடிமேல் சுருண்டு படுத்திருந்தது. பூனையோட உடம்புச் சூடு பட்ட இன்ஜினைக் குளிர்ந்த இன்ஜின்னு எப்படிச் சொல்றது? பரீட்சையை ரத்து பண்ணிட்டேன். "ஏங்க, பூனை உட்கார்ந்து இன்ஜின் சூடாகும்னா பேசாம நாலு பூனை வாங்கிடலாமே" என்றாள். அறிவியல் மனோபாவம் இல்லாத வீட்டில் ஆராய்ச்சி செய்வது எவ்வளவு சிரமம் என்று தாங்கள் அறிவீர்கள்.

மூன்றாம் நாள் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்பார்க் ப்ளக் நாலையும் கழற்றினேன், கழற்றும்போது கை தானாகவே கடைவாய்ப் பல் பிடுங்குற வாகுக்கு வந்துடுச்சு. கிளினிக்கில் பல் சுரண்டுற கொக்கியால் கரியெல்லாம் சுரண்டி, வாணலியில் போட்டு அடுப்பில் சூடாக்கினேன். பெட்ரோல் வாசனை வீடு பூரா. மனைவி ஓடிவந்து வாணலியைப் பார்த்தவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் அந்தச் சூட்டோட ப்ளக்கைக் கொண்டுபோய் மாட்டினேன் பாருங்கள், வண்டி கிளம்பிடுச்சு! நான் குதிக்காத குறை. உள்ளேயிருந்து உங்கள் மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து ஒரே கேள்விதான் கேட்டாள். "அப்பா, எனக்கு வலி வந்தா, ப்ளக் வறுபட்டு முடியுற வரைக்கும் நான் காத்துக்கிட்டு இருக்கணுமா?" எனக்குச் சப்பென்று ஆயிடுச்சு. நோட்டில் மூன்றாம் நாளை நானே அடித்துவிட்டேன். மனைவி வாணலியைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டாள்.

பத்து நாள் இப்படியே போச்சு. ஞாயிறு நெருங்க நெருங்க என் மனைவி மகளோட துணிமணியை எடுத்துப் பெட்டியில் வைப்பாள், திரும்ப எடுத்து அலமாரியில் வைப்பாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் பதினோராம் நாள் வைராக்கியமா ஒரு முடிவு பண்ணினேன். இனிமே வண்டியை வண்டியாப் பார்க்கக் கூடாது, வாயாப் பார்க்கணும். டார்ச்சையும், வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடியையும் எடுத்துக்கிட்டு இன்ஜினுக்குள் தலையை விட்டேன். மனைவி டிரைவர் சீட்டில். டாஷ்போர்டில் சோக் குமிழ் இருக்கே, குளிரில் அதை இழுத்தால் கார்புரேட்டருக்கு அடியில் ஒரு பித்தளைக் குழாய் கீழே இறங்கி, பெட்ரோல் கொஞ்சம் தாராளமா வரணும். அதுதான் முறை. "இழு" என்றேன். "இழுத்துட்டேன்" என்றாள். கண்ணாடியில் பார்க்கிறேன், குழாய் ஆடலை அசையலை. "நல்லா இழும்மா!" "இதுக்கு மேல இழுத்தா கையோட வந்துடும்!" இன்னும் கொஞ்சம் கண்ணாடியைத் திருப்பினேன். அங்கே இருக்கு சங்கதி. அந்த நெம்புகோலை அசையவே முடியாதபடி ஒரு செம்புக் கம்பியால் கட்டியிருக்கு. ஏனோதானோன்னு கட்டின கட்டு இல்லை சம்பந்தி. ஏழு சுற்று, ஒன்றோடு ஒன்று ஒட்டி, நூல் பிடிச்ச மாதிரி, முனையை உள்பக்கமா மடக்கி. இப்படிக் கட்டக்கூடியவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான்.

தாங்களே ஒருமுறை சொன்னது ஞாபகம் இருக்கா? தாங்கள் வேலை பார்த்தது வெயில் ஊர், அங்கே சோக்கே தேவைப்படவில்லை, சம்பந்தியம்மா தன் கைப்பையைக் கொண்டுபோய் அந்தக் குமிழில் மாட்டிவிடுவார், அது இழுபட்டு பெட்ரோல் வழிந்து நடுரோட்டில் நிற்கும், அம்மையாரிடம் எத்தனை தரம் சொல்லியும் பிரயோஜனம் இல்லை என்று. சம்பந்தியம்மாவிடம் சொல்லித் திருத்த முடியாமல், காரைக் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். கட்டினதை மறந்தும் போயிட்டீங்க. குற்றம் சொல்லவில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், ஆனால் இவ்வளவு அழகாக் கட்டியிருக்க மாட்டேன். கம்பியைக் கிளினிக் கத்தரியால் வெட்டி எடுத்தேன். தங்கள் கைவண்ணம் என்பதால் பத்திரமாகச் சுற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

மறுநாள் காலை ஆறு மணி. மூச்சு விட்டால் புகை மாதிரி வருது. எதிர்வீட்டுக்காரர் வழக்கம்போலத் தள்ளுறதுக்குத் தயாரா, மப்ளரைக் கட்டிக்கிட்டு வண்டிக்குப் பின்னாடி கையை வைத்து நிற்கிறார். சோக்கை முழுக்க இழுத்தேன். ஸ்டார்ட்டர் குமிழை ஒரே ஒரு இழுப்பு. அடடா! என்னத்தைச் சொல்ல! இருமல் இல்லை, முக்கல் இல்லை, முனகல் இல்லை, எடுத்த எடுப்பிலேயே கடகடன்னு பிடிச்சுக்கிட்டா! ஜன்னலெல்லாம் அதிருது. எனக்குக் கண்ணில் தண்ணி வந்துடுச்சு, வெட்கத்தை விட்டுச் சொல்றேன். என் மனைவி ஓடிவந்து, கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையா, "நீங்க கெட்டிக்காரர்தாங்க" என்றாள். எதிர்வீட்டுக்காரர் மட்டும் முகம் வாடிப்போய், "அப்ப நாளைக்கு நான் வர வேண்டாமா சார்?" என்றார். நாலு மாசமாத் தள்ளித் தள்ளி மனுஷருக்குத் தொப்பை கரைஞ்சு, சட்டையெல்லாம் பிடிச்சுத் தைச்சிருக்கிறார். நீங்க சும்மா வந்து நில்லுங்க என்று சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து இன்றுவரை ஏழு நாள், ஏழு இழுப்பு. தட்டல் வந்து பார்த்துவிட்டு, தட்டாமலே போயிட்டார்.

ஆகவே மருமகள் இங்கேயே இருப்பாள் என்று ஏற்றுக்கொண்டு, தாங்கள் குடும்பத்தோடு குழந்தையைப் பார்க்க மட்டும் வந்தால் போதும். தாங்கள் நினைப்பதுபோல் நான் பதற்றக்காரன் இல்லை. வலி எடுத்தால் என்ன செய்யணும் என்று வீட்டில் ஒத்திகையே பார்த்தாயிற்று. குளிர்ந்த இன்ஜினை முதல் மூன்று நிமிஷம் அணையவிடக் கூடாது என்பதால், நான் சீட்டை விட்டு எழாமல் ஆக்சிலேட்டரில் கால் வைத்திருப்பேன், மற்றதை மனைவி பார்த்துக்கொள்வாள். சம்பந்தியம்மாவுக்கு என் மரியாதைகள். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். தங்கள் மற்ற பற்கள் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
பல் டாக்டர் (துரைசாணிக்கும்)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள், மறுநாள் காலை ஐந்தரைக்கு வலி எடுத்துவிட்டது. பேத்தி பிறந்திருக்கிறாள். தாயும் சேயும் சுகம். மாப்பிள்ளைக்குப் போன் போட்டாயிற்று. எப்படி ஆஸ்பத்திரிக்கு வந்தோம் என்று மற்றவர்கள் வாயால் தாங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது, அதில் சந்தேகமே வேண்டாம். நான் ஆக்சிலேட்டரில் கால் வைத்து இன்ஜினைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்கதவு டமாரென்று சாத்துகிற சத்தம் கேட்டது. விட்டேன் பாருங்கள், எங்கேயும் நிற்காமல் பதினோரே நிமிஷம்! வழியெல்லாம் "பயப்படாதம்மா, இன்ஜின் சத்தத்தைக் கேளு, தேன் மாதிரி இருக்கு பார்" என்று மகளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தேன். பதிலே இல்லை. பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கிறாள், என் ரத்தம் இல்லையா என்று பெருமைப்பட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், பெட்டிதான் இருக்கு" என்றார். மனைவி பெட்டியை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு மகளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவர உள்ளே போயிருக்கிறாள். இரண்டு பேரும் பால் வண்டியில் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். மனைவி இன்னும் என்னோடு பேசவில்லை, மகள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்துத் தையல் வலிக்கிறது என்கிறாள். எது எப்படியோ, தங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்துப் பார்த்தேன். வண்டி ஒரே இழுப்பில் கிளம்பி ஆஸ்பத்திரி போய்ச் சேர வேண்டும் என்றுதான் இருக்கிறது. மருமகளும் அதில் இருக்க வேண்டும் என்று தாங்கள் எங்கேயும் எழுதவில்லை.