ஐம்பத்தெட்டுத் தலைவர்களும் ஒரு கட்டிலும்

உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியும் சொல்லிக்கொள்ள முடியாத பெருமை ஒன்று அந்தத் தனியார் நர்சிங் கல்லூரிக்கு உண்டு. ஆரம்பித்த நாளிலிருந்து அங்கே ஒரு நோயாளிகூடச் செத்ததில்லை. இதை வாசலிலேயே ஆளுயரப் பலகையில் எழுதி, மேலே டியூப்லைட்டும் போட்டிருந்தார்கள்.

டயர்க்கடைக்காரர் அந்தப் பலகையை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"சாகலைன்னு போட்டிருக்கான். பொழைச்சாங்கன்னு போடலையே."

"அப்பா, கொஞ்சம் சும்மா வாங்க. சேர்றதுக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள்."

மகள் அவருக்குக் காலங்கடந்து பிறந்த கடைக்குட்டி. நர்ஸ் ஆக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சில்லை. அரசுக் கல்லூரியில் இடம் மயிரிழையில் தவறிவிட்டது. இதையும் விட்டால் ஒரு வருஷம் டயர்க்கடைக் கல்லாவில்தான் உட்கார வேண்டும். அவருடைய சர்க்கரைக்குத் தினமும் காலையில் ஊசி போடுவது அவள்தான். டாக்டரையே திருடன் என்கிற மனுஷர், அவள் ஊசியை எடுத்தால் மட்டும் சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். அன்றும் ஊசி போட்டாயிற்று. சாப்பாடுதான் பாதியில் நின்றது, பஸ் வந்துவிட்டது. வழியில் அவள் வாங்கிக்கொடுத்ததை, "என்னத்தைப் போட்டுச் செஞ்சானோ" என்று அவர் தொடவில்லை.

கட்டடத்தின் கீழே கட்டில் மெத்தை விற்கிற கடை, மேலே கல்லூரி. இரண்டுக்கும் ஒரே தாளாளர்.

மாடியில் 'வாழ்க்கை வழிகாட்டி' என்று பெயர்ப்பலகை வைத்த ஓர் அம்மாள் அவர்களை உட்கார வைத்தார். மேஜையில் ஜூஸ் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. டயர்க்கடைக்காரர் கண் அதில் போனதும், "அது அட்மிஷன் முடிஞ்சவங்களுக்கு சார்" என்று அம்மாள் வரிசையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"எங்ககிட்ட மூணு டிகிரி இருக்கு. நர்சிங், உலகத்தர நர்சிங், தலைமைத்துவ நர்சிங். பாப்பாவோட கனவு எது?"

"நர்ஸ் ஆகறது மேடம்."

அம்மாள் இரக்கத்தோடு சிரித்தார். "அது சாதா டிகிரிம்மா. அதுல வேற எதுவும் ஆக முடியாது."

"மூணுக்கும் என்ன வித்தியாசம்?" என்றார் டயர்க்கடைக்காரர்.

"காலர் சார். சாதாவுக்கு வெள்ளைக் காலர், உலகத்தரத்துக்கு நீலம், தலைமைத்துவத்துக்குத் தங்கக் கரை."

"பாடம்?"

"ஒரே பாடம், ஒரே வகுப்பு, ஒரே வாத்தியார். பார்வைதான் வேற. சாதால படிக்கிறவங்க நோயாளியைப் பாப்பாங்க. உலகத்தரத்துல நோயாளியைப் பாத்துச் சிரிப்பாங்க. தலைமைத்துவத்துல, நோயாளியைப் பாக்கறவங்களைப் பாப்பாங்க."

"அப்ப நோயாளி யாரைப் பாப்பான்?"

"அருமையான கேள்வி சார். அது மேல்படிப்புல வருது."

"ஊசி போடச் சொல்லிக் குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"கை வந்ததும் சார்."

'கை வருவது' என்றால் என்ன என்பது வார்டைப் பார்த்தபோது விளங்கியது. நீளமான கூடம். வரிசையாகப் புதுக் கட்டில்கள். மெத்தைகளில் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. தலைமாட்டில் நோயாளியின் விவரம் தொங்க வேண்டிய இடத்தில் விலைச் சீட்டு தொங்கியது. ஒரு கட்டிலில் மட்டும் நோயாளி. துணிக்கடை ஜன்னலில் நிற்கிற பொம்மை, கழுத்துவரை போர்த்திக்கொண்டு, யாரோ போட்டோ எடுக்கப் போகிற முகத்தோடு படுத்திருந்தது. அதற்குத் தோளோடு இரண்டு கையும் இல்லை.

"கைக்கு ஆர்டர் போட்டிருக்கு சார். வந்ததும் ஊசிப் பாடம் ஆரம்பிச்சிருவோம்."

கூடத்தில் அறுபது மாணவிகள் இருந்தார்கள். அதில் ஐம்பத்தெட்டுப் பேருக்குத் தங்கக் கரை. உலகத்தரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துச் சிரித்துத் தலைமைக்கு உயர்ந்துவிட்டார்களாம். மீதி இரண்டு பேர் வெள்ளைக் காலர். கட்டில் தட்டுவது, பொம்மையைத் துடைப்பது, தலைவர்களுக்கு டீ வாங்கி வருவது எல்லாம் அந்த இரண்டு பேர். ஒரு நாட்டுக்குக்கூட இவ்வளவு தலைமை வாய்த்ததில்லை.

அப்போது கீழே கடையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அந்த ஓரத்துக் கட்டில் வித்தாச்சு! இறக்குங்க!"

"டிஸ்சார்ஜ்!" என்றார்கள் ஐம்பத்தெட்டுப் பேரும். வெள்ளைக் காலர் ஒருத்தி பொம்மையைத் தூக்கி அடுத்த கட்டிலில் போட்டுவிட்டு, காலிக் கட்டிலை முதுகில் தாங்கிக்கொண்டு படி இறங்கினாள்.

"இன்னிக்கு மட்டும் மூணு டிஸ்சார்ஜ்" என்று அம்மாள் பெருமையோடு சொல்லி, மகள் கையில் பேனாவைக் கொடுத்தார்.

மகளுக்கு எல்லாம் புரிந்தது. ஆனால் கல்லாவும் கண்முன் வந்தது. "எப்படியோ ஒரு டிகிரிப்பா. நான் வெளியில பாத்துக் கத்துக்கறேன். சாதாவுல சேந்துடட்டுமா?"

அப்பா ஒரு பாட்டம் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கனிவாகச் சொன்னார்:

"சாதா எதுக்கும்மா? தலைமைத்துவமே எடு. நல்ல காலேஜ். இந்த அம்மா சொல்றதெல்லாம் நியாயமாத்தான் இருக்கு."

"பாத்தியாம்மா, அப்பாவே புரிஞ்சுக்கிட்டார்!" என்றார் அம்மாள்.

மகள் பேனாவைக் கீழே போட்டாள். அப்பா ஒருத்தரை நம்புகிறார் என்றால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். அவர் கழுத்தில் கை வைத்தாள். சில்லென்று நனைந்திருந்தது. கால் மடங்கியவரை அப்படியே பக்கத்துக் கட்டிலில் சாய்த்தாள். பிளாஸ்டிக் சரசரத்தது.

கல்லூரி வரலாற்றில் முதல் தடவையாக வார்டுக்கு ஒரு நோயாளி வந்தார். ஐம்பத்தெட்டுத் தலைவர்களும் சுற்றி நின்றார்கள்.

"காத்து விடுங்க!" என்றாள் ஒருத்தி.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க!" என்றாள் இன்னொருத்தி.

"யாராவது ஏதாவது செய்ங்க!" என்று மற்றவர்கள் ஒரே குரலில் உத்தரவு போட்டார்கள். ஆளுக்கொரு உத்தரவு தயாராக இருந்தது. கேட்டு நடக்கத்தான் ஆளில்லை. வெள்ளைக் காலர் ஒருத்தி கட்டிலோடு படியில் இருந்தாள். மற்றவள் டீக்குப் போயிருந்தாள்.

மகள் ஓடிப்போய் ஒரு ஜூஸ் பாட்டிலை எடுத்தாள்.

"ஏம்மா, அது சேந்தவங்களுக்கு! ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு எடு..."

அவள் மூடியைத் திருகி எறிந்தாள். "அப்பா, கண்ணைத் திறங்க. மெதுவா முழுங்குங்க."

அந்த நேரம் பார்த்து, தாளாளர் ஒரு தம்பதியைக் கட்டில் காட்டக் கூட்டி வந்தார். அந்தப் பெண் டயர்க்கடைக்காரரின் கால்மாட்டில் மெத்தையை அமுக்கிப் பார்த்தாள்.

"இதுல ஆள் படுத்திருக்காரே?"

"நீங்க நம்பணும்னுதான் மேடம்" என்றார் தாளாளர்.

"பெரியவரே, முதுகுக்கு எப்படி இருக்கு?" என்று அந்தப் பெண் குனிந்து கேட்டாள்.

"சொர்க்கம்" என்று முனகினார் டயர்க்கடைக்காரர். "கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்."

சர்க்கரை இன்னும் ஏறவில்லை என்று மகளுக்குத் தெரிந்தது. பாட்டிலை மறுபடி அவர் வாயில் வைத்தாள். பாதி காலியாயிற்று. தம்பதி விலை பேசி முடிக்கிற நேரத்தில் டயர்க்கடைக்காரர் முழங்கையை ஊன்றி எழுந்தார். மெத்தையில் ஒரு குத்து விட்டார்.

"பஞ்சா இது? உள்ள பூரா கந்தல் துணி. ஜூஸ்ல பாதி தண்ணி. காசைக் குடுத்துடாதீங்கம்மா, இவனுங்க முழிச்ச முழியே சரியில்ல."

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா பிழைத்துவிட்டார்.

தம்பதி போய்விட்டார்கள். ஆனாலும் தாளாளர் கோபிக்கவில்லை. பெரிய மனுஷர். மகளைக் கூப்பிட்டு, பக்குவமாகச் சொன்னார்:

"உனக்கு இங்க சீட் குடுக்க முடியாதும்மா. தப்பா நினைக்காதே. உயிரோட இருக்கிற நோயாளியைத் தொட்ட அனுபவம் இங்க உன்னைத் தவிர யாருக்கும் இல்ல. நாளையிலேர்ந்து நீதான் செய்முறைப் பயிற்சித் துறைத் தலைவர்."

"அப்ப இவளுக்கு யாரு சொல்லிக் குடுக்கறது?" என்றார் டயர்க்கடைக்காரர்.

"அவங்க துறையில வேற யாரும் இல்லையே. அவங்களே சொல்லிக்க வேண்டியதுதான்."

மகள் அப்பாவின் தோளைப் பிடித்து எழுப்பினாள். "வாங்கப்பா. ஒரு வருஷம்தானே. கல்லாவுல உக்காந்துக்கிட்டே படிச்சு, அரசுக் கல்லூரிக்கே மறுபடி போடறேன்."

"கல்லாவுலயா? உன்னை நம்பியா?" என்றார் அவர். சர்க்கரை சரியான அளவுக்கு வந்துவிட்டது.

வாசல் பலகையில் மறுநாளே ஒரு வரி கூடியது: 'ஒரு நோயாளி எங்கள் வார்டில் உயிர் பிழைத்தார்.' பொய்யில்லை. இரண்டு வரியும் சத்தியம். அந்த ஐம்பத்தெட்டுப் பேரும் பட்டம் வாங்கி, இப்போது ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தலைமை தாங்குகிறார்கள். அங்கே சாகிறவர்கள் அந்தந்த ஆஸ்பத்திரிக் கணக்கு. கல்லூரியில் இன்றுவரை ஒருத்தரும் சாகவில்லை.