பூட்டு மாட்டியது பாஸ்தான்

மாவில்மடை,
கண்டி.
புதன்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

அன்பு மச்சான் அரூஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்பதில் என்னைச் சேர்க்காமல்தான் எழுதுகிறேன். நீ டோஹாவில் நல்ல சுகத்தோடு இருக்க துஆச் செய்கிறேன், ஏனென்றால் நீ சுகமாக இருந்தால்தான் நான் கேட்கப்போகும் உதவியைச் செய்ய முடியும். இந்தக் காலத்தில் இவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் பேசினால் என் பெண்சாதி, அதாவது உன் ராத்தா, கதவுக்குப் பின்னால் நிற்பாள். குரல் பதிவு அனுப்பினால் குடும்பக் குரூப்புக்குப் போய்விடும். போன தடவை என் மூல வருத்தம் அப்படித்தான் அக்குறணை வரைக்கும் போனது. அதனால் நாளை டோஹாவுக்கு வரும் பக்கத்துக் கடை மர்சூக்கிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டுக் கிழித்துவிடு.

விஷயம் இதுதான். என் மகள் அம்னாவின் கலியாணம் தொங்கலில் நிற்கிறது. காரணம் நீ போன மாதம் கொண்டுவந்து தந்த ட்ரில் மெஷின்.

உன்னைக் குறை சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும், இருந்தாலும் சொல்லவில்லை. வயர் இல்லை, உள்ளே கார்பன் பிரஷ் இல்லை, தேய்மானம் இல்லை, எதிர்ப்பு வந்தால் இன்னும் பலமாகச் சுற்றும் என்று நீ அன்று விளக்கினாய். எதிர்த்தால் பலம் கூடும் என்றதும் உன் ராத்தாவின் ஞாபகம் வந்து எனக்கு மெஷின் மேல் ஒரு மரியாதை பிறந்தது. வீட்டிலிருந்த பழைய ஸ்க்ரூ டிரைவர்களையெல்லாம் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டேன். வீட்டில் ஓட்டை போடாத சுவர் இல்லை. ஊரில் யாரிடமும் இல்லாத மெஷின் என்பதால் பள்ளிவாசலில் நாலு பேர் கேட்டார்கள். மெஷினைக் கொடுத்தால் பழுதாக்கிவிடுவார்கள் என்று நான் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆனால் இல்லை என்று சொல்லவும் வாய் வராது, நம் குடும்பத்துக்கே அந்த நோய் உண்டு. அதனால் அடுத்த வீட்டு ரவிகுமார், தன்னிடம் அதே கம்பெனியின் பழைய மெஷின் இருக்கிறது, பேட்டரி மட்டும் செத்துவிட்டது என்று வந்து நின்றபோது, இரண்டு பேட்டரியில் ஒன்றையும் சார்ஜரையும் தூக்கிக் கொடுத்தேன். பேட்டரிக்கு என்ன வந்துவிடப் போகிறது? பெயரும் கிடைக்கும், மெஷினும் வீட்டில் இருக்கும். இது என் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை கடுகண்ணாவையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. மாப்பிள்ளை ஹுதைபாவை உனக்குத் தெரியும். இதற்கு முன் வந்த இடங்களுக்கெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்ட நம் அம்னா, முதன்முதலாகச் சரி என்று சொன்ன இடம் இது. சொல்லிவிட்டு அடுப்படிக்குள் ஓடிப்போனாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு இந்தச் சம்பந்தம் தவறினால் நான் தாங்கமாட்டேன் மச்சான். கலியாணம் முடிந்து மாப்பிள்ளை நம் மேல்மாடிக்குத்தானே குடிவர வேண்டும், அதனால் அவருடைய உம்மா உம்மு குல்சும் மேல்மாடியைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார் என்று செய்தி வந்தது. மேல்மாடிக் குளியலறைக் கதவில் பூட்டு இல்லை. உருண்டைப் பிடி வைத்த புதுப் பூட்டு ஒன்று வாங்கி வந்து, சனிக்கிழமை நானே மாட்டினேன். மெஷினின் கழுத்தில் எண் போட்ட வளையம் இருக்கிறதே, ஸ்க்ரூவுக்குச் சின்ன எண்ணில் வை என்று நீ சொன்னது ஞாபகம் இருந்தது. சம்மந்தி வீட்டார் பார்க்கப்போகும் பூட்டுக்கு என்ன சின்ன எண் என்று வளையத்தைக் கடைசி எண்ணுக்குத் தள்ளினேன். மெஷின் உறுமியது, ஸ்க்ரூ கதவுக்குள் புதைந்தது, பேட்டரியும் அத்தோடு தீர்ந்தது. பிடி கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றியது. புதுசு, போகப் போகச் சரியாகும் என்று விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். உம்மு குல்சும் அதிகம் பேசாதவர். மேல்மாடியைச் சுற்றிப் பார்த்தார், அலுமாரியைத் திறந்து பார்த்தார், நன்றாக இருக்கிறது என்று ராத்தாவிடம் சொன்னார். கீழே கூடியிருந்து சாப்பிடும் சஹன் தட்டு வைத்துப் புரியாணி ஆவி பறந்துகொண்டிருந்தது. சாப்பிடுவதற்கு முன் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினார். பூட்டு அவ்வளவுதான். உள்ளேயிருந்தும் திரும்பவில்லை, வெளியேயிருந்தும் திரும்பவில்லை. நான் இறுக்கிய இறுக்கில் உள்ளே இருந்த சாமான் ஒன்றையொன்று கவ்விக்கொண்டது.

நீ உடனே கேட்பாய், சன்னலால் இறக்கினால் என்ன என்று. நம் வீட்டின் முன்பக்கம்தான் ரோட்டுக்குச் சமம், குளியலறை இருக்கும் பின்பக்கம் கீழே பார்த்தால் எனக்கே தலை சுற்றும். கதவை உடைக்கலாம் என்றால், அது உள்பக்கம் திறக்கும் பலாமரக் கதவு, அவரோ அந்த ஒடுங்கிய இடத்தில் கதவோடு ஒட்டி நிற்கிறார். பூட்டின் இரண்டு ஸ்க்ரூவும் உள்பக்கம்தான் இருக்கின்றன. அதாவது உள்ளே மாட்டிக்கொண்டவர்தான் கழற்ற வேண்டும். அடுத்த வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் வாங்கி, கதவுக்கு மேலே காற்றுக்காக விட்ட சின்னச் சன்னல் வழியாக, அம்னா கதிரையில் ஏறி நின்று உள்ளே கொடுத்தாள். அவர் கை நோகத் திருகிப் பார்த்தார். ஸ்க்ரூ இம்மியும் அசையவில்லை. மெஷின் போட்ட இறுக்கை மெஷின்தான் அவிழ்க்க வேண்டும் என்று ஆயிற்று. மெஷின் என் கையில் இருந்தது. மற்றப் பேட்டரியும் சார்ஜரும் ரவிகுமாரிடம் இருந்தன.

ரவிகுமாருக்குப் போன் போட்டேன். "ஐயா, பல்லேகலயில ஒரு வீட்டுக்கு ஷெல்ப் அடிச்சிக்கிட்டு இருக்கேங்க, இந்தா வந்துர்றேன்" என்றான். அவன் நல்ல பிள்ளை, உடனே கிளம்பியும் விட்டான். ஆனால் அன்று பல்லேகல மைதானத்தில் கிரிக்கெட் மேட்ச். ரோட்டில் பஸ்ஸும் த்ரீவீலரும் அசையாமல் நிற்கின்றன என்று அங்கிருந்தே போன் செய்தான். இதற்குள் உம்மு குல்சுமுக்குச் சீனி வருத்தம், மாத்திரை போட்டுவிட்டார், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று அவருடைய கணவர் பஹீம் ஹாஜியார் சொன்னார். அம்னா மேல் சன்னல் வழியாக கிராக்கர் பிஸ்கட்டும் தேத்தண்ணியும் கொடுத்தாள். கதிரையை விட்டு அவள் இறங்கவேயில்லை. இருவரும் என்னவோ மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். மாமி பயப்படாமல் இருக்கப் பேச்சுக் கொடுக்கிறாள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஹாஜியார் என்னைத் திரும்பிப் பார்த்து, இந்தப் பூட்டை மாட்டினது யார் என்று கேட்டார். அம்னாவின் முகம் கண்முன்னே வந்தது. தன் பெண்டாட்டியை அடைத்துப் போட்டவன் வீட்டுக்கு யார் மகனை அனுப்புவார்? வாய் தானாகத் திறந்து, கூலிக்கு வந்த தச்சு வேலை பாஸ் ஒருத்தர் என்று சொல்லிவிட்டது. எந்த ஊர்த் தச்சு பாஸ் என்றார். கட்டுகஸ்தோட்டை என்றேன். நம்பரைத் தாங்க, நான் பேசுகிறேன் என்றார். போன் ஆஃப் என்றேன். வேலை தெரியாத மடையனை வீட்டுக்குள் எடுக்கலாமா என்று அவர் ஏச, அவருக்குத் துணையாக நானும் ஏசினேன். கூலிக்கு மாரடிக்கிறவன், கண் தெரியாதவன், அவனுடைய வாப்பா அவனை ஒழுங்காக வளர்க்கவில்லை என்றெல்லாம் என்னையே கதவுக்குக் கேட்கும் சத்தத்தில் ஏசினேன். உன் ராத்தா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

கடைசியில் ரவிகுமார் வியர்வையில் நனைந்த சட்டையோடு ஓடி வந்தான். பேட்டரி கிளிக் என்று உட்கார்ந்தது, பச்சை விளக்கு எரிந்தது. மெஷினைத் துவாயில் சுற்றி அம்னா உள்ளே இறக்கினாள். நான் சம்மந்தியம்மாவிடம் நேரே பேசுவது முறையில்லை என்று ராத்தாவிடம் சொன்னேன், ராத்தா அம்னாவிடம் சொன்னாள், அம்னா உள்ளே சொன்னாள். விசைக்கு மேலே உள்ள பொத்தானை வலப்பக்கம் தள்ளச் சொன்னேன். மெஷினைப் பிடித்திருப்பவரின் வலமா, நான் எதிரே நின்று பார்க்கும் வலமா என்பதை நான் யோசிக்கவில்லை. மெஷின் உறுமியது, கதவு கிறீச்சிட்டது, ஸ்க்ரூ இன்னும் இறுகியது. ஹாஜியார் யா அல்லாஹ் என்று சுவரைப் பிடித்தார். நான் ஒரேயடியாக இடம், வலம், நிப்பாட்டு, அழுத்து என்று எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே மெஷின் நின்றது. பிறகு உம்மு குல்சுமின் குரல், முதல் தடவையாகக் கொஞ்சம் உரக்கக் கேட்டது.

"புள்ள, வாப்பாவக் கொஞ்சம் பேசாம ஈக்கச் செல்லுங்கோ. நீங்க மட்டும் செல்லுங்கோ."

எந்தப் பக்கம் தள்ளுவது என்று அம்னா நிதானமாகச் சொன்னாள். ஒரு ஸ்க்ரூ வந்தது. அடுத்ததும் வந்தது. பிடி கழன்று நிலத்தில் விழுந்தது, கதவு திறந்தது. முக்காடு ஒரு மயிரிழை விலகாமல், கையில் மெஷினோடு சம்மந்தியம்மா வெளியே வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு சாப்பிட்டார், உதட்டை இறுக்கிக்கொண்டே வேனில் ஏறினார். ஹாஜியார் மட்டும், முடிவச் செல்லி அனுப்புறோம் என்றார். செல்லி அனுப்புறோம் என்றால் என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவனுக்குத் தெரியும். அன்றிலிருந்து அவர்களிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. அம்னா சாதாரணமாக நடமாடுகிறாள், அதுதான் எனக்கு இன்னும் வேதனையாக இருக்கிறது. என் பிள்ளையின் வாழ்க்கையை நான் என் கையாலேயே முறுக்கிவிட்டேன் மச்சான்.

எனவே நீ செய்ய வேண்டியது இது. ஹாஜியாரின் தம்பி அங்கே டோஹாவில், நீ தங்கியிருக்கும் கேம்புக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார். அவரைக் கண்டு, அந்த பாஸை உனக்கும் தெரியும், உன் வீட்டையும் நாசமாக்கினவன், ஹலீம் மச்சான் பாவம், ஸ்க்ரூ ஆணி எது கம்பி ஆணி எது என்று கூடத் தெரியாத மனிதர் என்று உறுதியாகச் சொல். கேட்டால் சத்தியம் மட்டும் செய்யாதே, மற்றதெல்லாம் சொல். மெஷினையும் மர்சூக்கிடம் திருப்பி அனுப்புகிறேன். இனி இந்த வீட்டுக்குள் அது வேண்டாம். பேட்டரியைப் பிளேனில் போகும் பெட்டியில் போட விடமாட்டார்களாம், அதை ரவிகுமாரே வைத்துக்கொள்ளட்டும்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், உன் தொழிலில் பரக்கத்தையும், இனி என்ன அன்பளிப்பு வாங்குவது என்பதில் நல்ல புத்தியையும் தருவானாக. உன் பெண்சாதிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
ஹலீம்

பி.கு.: இதை உறையில் போட்டுக்கொண்டிருக்கும்போது கடுகண்ணாவையிலிருந்து போன் வந்தது. உம்மு குல்சும் ராத்தாவோடு பேசினார், ராத்தா வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டாள். நீ ஹாஜியாரின் தம்பியிடம் ஒன்றும் சொல்லாதே. பாஸ் என்ற சொல்லையே எடுக்காதே. நான் வெளியே பாஸை ஏசிக்கொண்டிருந்தபோதே அம்னா மேல் சன்னல் வழியாக, மாமி, அது வாப்பாதான் மாட்டினது, வெக்கத்துல அப்படிச் செல்றாங்க, கோவிச்சுக்கொள்ளாதீங்கோ என்று சொல்லிவிட்டாளாம். அதன் பிறகு நான் என் வாப்பாவையும் சேர்த்து ஏசியதையெல்லாம் அவர் உள்ளே நின்று கேட்டிருக்கிறார். வாயைத் திறந்தால் சிரித்துவிடுவேன் என்றுதான் சாப்பிடும்போதும் பேசவில்லையாம். வேனில் வைத்து ஹாஜியாரிடம் சொல்ல, அவர் கடுகண்ணாவை வரைக்கும் சிரித்தாராம். "எண்ட மகனுக்கு உண்ம பேசுற புள்ள கிடச்சிருக்கு, அது போதும். வாப்பாவ நாங்க சமாளிச்சுக்கொள்ளுவோம்" என்றார். பெருநாள் கழிந்ததும் நிக்காஹ். நான் அறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். மெஷினை அனுப்பவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை உம்மு குல்சும் வருகிறார், பூட்டைச் சின்ன எண்ணில் வைத்து அவரே மாட்டப்போகிறாராம். நான் கதவைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றால் போதுமாம்.