தமிழில் வராத 'சொறி'

கனடாவில் பிழைக்க ஒரேயொரு ஆங்கிலச் சொல் போதும் என்ற பேருண்மையைக் கண்டறிந்தவர் மோர்னிங்சைட் வீதி அன்புராசா. அகராதி எழுதிய பெரியவர்கள் மற்றச் சொற்களுக்காக வீணாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டார்கள்.

மன்னிப்புக் கேட்கும் அந்தச் சொல், வெள்ளைக்காரர் வாயில் 'சொரி'. எங்கள் ஆட்களின் வாயில் 'சொறி'. வந்திறங்கிய வாரம், நெரிசலான பஸ்ஸில் ஒருவரின் காலை அன்புராசா நன்றாக மிதித்துவிட்டார். மிதிபட்டவர்தான் "சொறி" என்றார். மிதித்தவன் சும்மா நிற்க, மிதிபட்டவன் மன்னிப்புக் கேட்கும் நாடு. இங்கே வாழலாம் என்று அவர் முடிவெடுத்தார். பிறகு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அவரை வேலையால் நிறுத்திய சூப்பர்வைசரும் அதையே சொன்னார். காது கேட்காவிட்டால் 'சொறி'. வழி விடச்சொல்ல 'சொறி'. வாடகைக்கு வீடு இல்லையென்றாலும், செத்த வீட்டுக்குப் போனாலும் 'சொறி'. ஊரில் சொறிந்தால் தோல்தான் போகும். இங்கே 'சொறி'ந்தால் குற்றமே போய்விடும்.

இந்தப் புலமைக்காகவே 'புதிதாய் வருவோரை வரவேற்கும் பேரவை' அவரை ஏகமனதாகத் தலைவராக்கியது.

தொண்ணூற்றைந்து மார்கழியில், மனைவி எமில்டாவின் தங்கை பேர்ணடெற் மன்னாரிலிருந்து எங்கெங்கோ சுற்றி, அமெரிக்கா வழியாகக் கனடா எல்லைக்கு வந்து சேர்ந்தாள். காலையில் போய் அவளைக் கூட்டிவருவது அன்புராசாவின் பொறுப்பு. ஆனால் அன்று பேரவையின் அவசரக் கூட்டம். 'புதியவர்களை வரவேற்பது எப்படி' என்பது பொருள். மாலையா, பூச்செண்டா என்பதிலேயே இழுபட்டது.

"அண்ணை, மாலையெண்டால் கழுத்தின்ரை அளவு தெரியவேணும்," என்றார் செயலாளர் இராஜரட்ணம்.

"அப்ப அதுக்கொரு உபகுழு போடுவம்," என்றார் தலைவர்.

உபகுழு போட்டு முடிய வெளியே இருட்டிவிட்டது. அப்போதுதான் தலைவருக்கு மச்சாளின் நினைவு வந்தது. எல்லைக்குப் போகக் காரை எடுக்க வீட்டுக்கு ஓடினார்.

பேர்ணடெற் சமையலறையில் இருந்தாள். விறைத்துச் சிவந்த கைகளால் தேத்தண்ணிக் கோப்பையைப் பொத்திப் பிடித்திருந்தாள். பகல் முழுவதும் எல்லைக் கட்டட வாசலில் நின்றவளை, முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவி தன் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தாள்.

"ஒவ்வொரு கார் வந்து நிக்கேக்கையும் அத்தான்தான் எண்டு நினைச்சன்," என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் அன்புராசாவைத் தைத்தது.

தொண்டையைச் செருமினார். "சொறி."

எமில்டா அடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "உது அவளுக்கு விளங்காது. வந்து ஒரு நாளும் ஆகேல்லை. தமிழில சொல்லுங்கோ."

அன்புராசா வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். பேரவைக் கூட்டங்களில் மணிக்கணக்காய் முழங்கிய நாக்கு அசையவில்லை.

"சொறியப்பா," என்றார் கடைசியில். "தமிழில சொன்னால் நான் பிழை விட்டமாதிரிப் போயிடுமெல்லே."