இடுப்புப் பட்டி வந்து சேர்ந்தது

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

உங்கள் மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உங்கள் மகன் சுகம். உங்கள் பேத்தி படு சுகம். என் சுகத்தைப் பற்றி நான் எழுதித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. அது இரண்டு நிமிஷ வீடியோவாகக் குடும்பக் குழுவில் வந்து, நீங்கள் பார்த்து, நாத்தனார் பார்த்து, நாத்தனாரின் மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டாம் முறையும் பார்த்தாயிற்று என்று கேள்வி. அங்கே அனைவரும் நலம்தானே? சிரித்துச் சிரித்து யாருக்கும் வயிற்றுவலி இல்லையே?

நேற்றுப் போனில் "அது நீதானாம்மா?" என்று கேட்டீர்கள். ஆமாம் அத்தை, லிஃப்டின் கூரையிலிருந்து கீழே தொங்கும் அந்த இரண்டு பூட்ஸும் அவற்றுக்கு மேலே உள்ள இடுப்பும் நான்தான். மீதிப் பாதி கூரைக்கு மேலே இருந்ததால் முகம் பதிவாகவில்லை. உங்கள் மருமகப்பிள்ளை, யாரோ எவரோ என்று நினைத்து, ஊரெல்லாம் சுற்றித் தன் போனுக்கு வந்த அதை வெறும் தமாஷாகத்தான் குழுவில் போட்டிருக்கிறார். அதோடு போயிருக்கும். உங்கள் மகன்தான் உடனே "இது என் பெண்டாட்டி பூட்ஸ் மாதிரி இருக்கே" என்று பதில் எழுதினார். இத்தனை வருஷத்தில் நான் என்ன போட்டிருக்கிறேன் என்று அவர் கவனித்தது அன்றைக்குத்தான்.

"நான் அனுப்பின பட்டியைப் போட்டிருந்தா இப்படி ஆயிருக்குமா? உடம்பை இப்படி விட்டுட்டியேம்மா" என்று நீங்கள் அழ ஆரம்பித்ததால் போனை உங்கள் மகனிடம் கொடுத்தேன். அவர் "சரிம்மா, சரிம்மா" என்று ஒன்பது தடவை சொல்லி வைத்துவிட்டார். எதற்குச் சரி சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் இந்த உடம்பு எப்படி வந்தது என்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் உங்களுக்கும் கணிசமான பங்கு உண்டு. பிரசவம் ஆன கையோடு நீங்கள் வந்து நாலு மாதம் தங்கினீர்கள். "பால் குடுக்கறவ ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்" என்று சொல்லி, காலையில் இரண்டு முட்டை, பத்து மணிக்கு ஒரு சொம்பு பால், பதினொன்றுக்கு "சும்மா வாய்க்கு" ஒரு கைப்பிடி பேரீச்சம்பழம், மதியம் தட்டுக் கொள்ளாத சோறு, நாலு மணிக்கு மறுபடி பால் என்று, நான் கொட்டாவி விட்டால்கூட அந்த இடைவெளியில் எதையாவது உள்ளே தள்ளினீர்கள். மூட்டை தூக்குகிறவர்கள்கூட அப்படிச் சாப்பிட மாட்டார்கள். ஆனால் அதிசயம் பாருங்கள், நான் தின்னத் தின்ன இளைத்தேன். எல்லாம் உங்கள் பேத்தி வழியாகப் போய்விட்டது. அவள் கன்னம் தோள்வரை இறங்கியது, என் கன்னம் உள்ளே போயிற்று. கல்யாணத்தன்று இருந்ததைவிட ஆறு கிலோ குறைவு. நீங்கள் எதிர்வீட்டு டீச்சரிடம் "எல்லாம் என் கவனிப்பு" என்றீர்கள். நானும் லேசுப்பட்டவளா? ஆபீஸில் ரகசியம் கேட்ட பெண்களிடம் "மனசுல கட்டுப்பாடு இருக்கணும்" என்று சொன்னேன். வலது கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு சொன்னேன்.

பதினாலாம் மாதம் பாலை நிறுத்தினோம். உங்கள் பேத்திக்கு எட்டுப் பல் வந்துவிட்டது, எனக்கோ நாள் முழுக்கக் கட்டடம் கட்டடமாக ஏறி லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. ரொம்ப அழுவாள், ஏங்கிப்போவாள் என்று எல்லோரும் பயமுறுத்தினீர்கள். நாலு நாள், அத்தை. நாலே நாளில் மறந்துவிட்டாள். எனக்குத்தான் மறக்கவில்லை. முதல் மூன்று நாள் மார்பு கல்லாகி, ஈரத்துணி போட்டுப் படுத்திருந்தேன். ஏதோ ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் யாருடைய குழந்தையோ அழுததற்கு இரண்டாம் மாடியில் என் சட்டை நனைந்தது. பிறகு எல்லாம் வற்றிப்போய், இடது பக்கம் ஓர் அளவு, வலது பக்கம் ஓர் அளவு என்று ஆயிற்று, ஏனென்றால் மகாராணிக்கு இடது பக்கம்தான் பிடித்தம். சீப்பை எடுத்தால் முடி கொத்துக் கொத்தாக வந்தது. அழுகை வேறு. லிஃப்டுக்குள் ஒரு பெண் குரல் "கதவுகள் மூடுகின்றன" என்று சொல்லுமே, அதைக் கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதேன். நானே வயர் பூட்டி வைத்த குரல் அது.

ஆனால் பசி இருக்கிறதே, அது நிற்கவே இல்லை. தொழிற்சாலையை மூடியாகிவிட்டது, சரக்கு லாரி மட்டும் வழக்கம்போல வாசலில் வந்து ஹாரன் அடிக்கிறது. பத்து மணி என்றால் வயிறு பாலைக் கேட்கிறது, பதினொன்றுக்குப் பேரீச்சம்பழத்தைக் கேட்கிறது. நீங்கள் போய்விட்டீர்கள், உங்கள் அட்டவணை போகவில்லை. இரண்டு மாதத்தில் எட்டுக் கிலோ. அதுவும் ஒழுங்காகவா ஏறிற்று? மேல்மாடியைக் காலி செய்துவிட்டுக் கீழ்மாடிக்குக் குடிவந்தாற்போல், சட்டையின் மேல் இரண்டு பொத்தான் அநாதையாகத் தொங்க, கீழ் மூன்று பொத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றன. கிளினிக்கில் நர்ஸம்மாவைக் கேட்டேன். "பால் குடுக்கும்போது சாப்பிட்டதெல்லாம் அதுக்குப் போச்சு. இப்ப அது நின்னுடுச்சு, பசி இன்னும் பழைய பழக்கத்துலயே இருக்கு. நிறைய பேருக்கு இப்படித்தான் ஆகும். பட்டினி மட்டும் கிடக்காதீங்க, நேரமாகும், சரியாயிடும்" என்றார். அவ்வளவுதான். இந்த ஊரில் என்னைப் பார்த்து முகம் சுளிக்காமல் பேசியவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கெல்லாம், நான் இளைத்தபோது பெருமை உங்கள் கவனிப்புக்கு, பருத்தபோது பழி எனக்கு.

உங்கள் மகன் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையாகவே ஒன்றும் சொல்லவில்லை. நான் பீரோக் கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம் பின்னால் வந்து நின்று "நான் ஒண்ணும் சொல்லலையே" என்பார். யாருக்கும் பால் கொடுக்காமலேயே அவருக்குக் கல்யாணத்துக்குப் பிறகு பதினொரு கிலோ ஏறியிருக்கிறது. அதற்கு யாரும் பார்சலில் பட்டி அனுப்பியதாக நினைவில்லை.

பட்டிக்கு வருகிறேன். போன மாதம் எடுத்த குடும்பப் போட்டோவைப் பார்த்துவிட்டு நீங்கள் அனுப்பிய இடுப்புப் பட்டி திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. நன்றி. அதில் வரிசையாகப் பதினொரு இரும்புக் கொக்கி இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை, உங்கள் மேல் உள்ள மரியாதையில், மூச்சை முழுக்க வெளியே விட்டு, உங்கள் மகன் என் முதுகில் முழங்காலை ஊன்றி இழுக்க, ஒவ்வொரு கொக்கியாக மாட்டிக்கொண்டு, மேலே சீருடையைப் போட்டு வேலைக்குப் போனேன். ஆமாம் அத்தை. வீடியோவில் இருக்கிற இடுப்பு பட்டி போட்ட இடுப்புதான்.

அன்று பதினொரு மணிக்கு ஓர் ஆறு மாடிப் பழைய கட்டடத்திலிருந்து அழைப்பு. மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஓர் ஆள். என்னோடு வேலை பார்ப்பவரை நாங்கள் மோட்டார் அண்ணன் என்போம். அவர் மொட்டைமாடி அறைக்குப் போய் மோட்டாரைக் கையால் சுற்றிப் பார்த்தார், அசையவில்லை. உள்ளே இருந்தவரோ "மூச்சு விட முடியல! யாராவது வாங்க!" என்று கத்துகிறார். நான் நாலாம் மாடிக் கதவைத் திறந்து லிஃப்டின் தலைமேல் இறங்கி, கூரையில் உள்ள சின்னக் கதவைத் தூக்கினேன். உள்ளே யார் என்று நினைக்கிறீர்கள்? அதே கட்டடத்தில் நாலாம் மாடியில் உடம்பு இளைக்க வைக்கும் நிலையம் நடத்துகிறவர். ஊர் முழுக்க விளம்பரப் பலகையில் "படி ஏறுங்கள், பருமனை வெல்லுங்கள்" என்று விரலை நீட்டுவாரே, அவரேதான். அந்த விரல் அப்போது லிஃப்டின் எல்லாப் பொத்தானையும் மாறி மாறி அழுத்திக்கொண்டிருந்தது.

"பயப்படாதீங்க சார், இதோ வர்றேன்" என்று காலை உள்ளே விட்டேன். பூட்ஸ் போயிற்று, முழங்கால் போயிற்று, தொடையும் போயிற்று. இடுப்பு நின்றுவிட்டது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. அவர் கத்துவதை நிறுத்திவிட்டார். மூச்சு முட்டியதெல்லாம் எங்கே போயிற்றோ, தொழில் குரல் வந்துவிட்டது.

"மேடம், கொழந்தை இருக்கா?"

"இருக்கு."

"பால் நிறுத்தியாச்சா?"

"சார், இப்ப அதுவா முக்கியம்?"

"அதானே பார்த்தேன்! கரெக்டா அந்த டைம்லதான் ஏறும். இடுப்பு, தொடை, பக்கவாட்டு. எனக்கு இங்கேருந்தே தெரியுதே. நம்மகிட்ட பன்னெண்டு வாரத் திட்டம் ஒண்ணு இருக்கு. 'முன்பு', 'பின்பு'ன்னு படம் போடுவோம். அசையாம இருங்க, 'முன்பு'க்கு ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கறேன்."

எடுத்தார். அதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். அவருடைய மூக்கு என் வலது பூட்ஸிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று எனக்கு மேலேயிருந்து தெரியவில்லை. தெரிந்திருந்தால் இந்தக் கடிதம் வேறு விலாசத்திலிருந்து வந்திருக்கும்.

"என்னம்மா ஆச்சு?" என்று மோட்டார் அண்ணன் மேலேயிருந்து கேட்டார்.

"மாட்டிக்கிட்டேன் அண்ணே."

"எது மாட்டுச்சு?"

பாருங்கள் அத்தை, அந்த மனுஷன் ஒருவர்தான் இதைக் கேட்டார். அதுவரைக்கும் எனக்கே சந்தேகம் வரவில்லை. நான்தான் மாட்டிக்கொண்டேன் என்று நானே நம்பிவிட்டேன், அவமானத்தில் காது இரண்டும் எரிந்தது. எது என்று கேட்டதும் பக்கவாட்டில் கையை விட்டுத் தடவினேன். சதைக்கும் சட்டத்துக்கும் நடுவில் என் நாலு விரலும் தாராளமாகப் போய்வந்தது. மாட்டியிருந்தது உங்கள் பட்டியின் மூன்றாம் கொக்கி. சீருடையைக் கிழித்துக்கொண்டு போய்க் கதவுச் சட்டத்தின் மடிப்பைக் கவ்விப் பிடித்திருந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பதினொன்றாவது விட்டதும் தொப்பென்று உள்ளே இறங்கினேன். தரையில் இறங்கவில்லை, அவருடைய பாதத்தில். "ஐயோ!" என்ற அலறல் அந்த வீடியோவின் கடைசியில் இருக்கிறது. அது நான் இல்லை என்பதைத் தயவுசெய்து நாத்தனாரிடம் சொல்லுங்கள்.

லிஃப்ட் நின்றதற்குக் காரணம் அவருடைய பையின் வார் கதவு இடுக்கில் சிக்கியதுதான். எடுத்துவிட்டேன், நாலு நிமிஷத்தில் ஓடிற்று. நாலாம் மாடியில் இறங்கி நொண்டிக்கொண்டே போனார். நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாது, கையில் திட்டத்தின் துண்டுச்சீட்டு ஒன்றைத் திணித்துவிட்டுப் போனார்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நான் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். வீடியோ எங்கள் சூப்பர்வைசருக்கும் போய்விட்டது. மறுநாள் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதம்மா. கூரை வேலைக்கெல்லாம் ஒல்லியான ஆள்தான் சரி. நீ ஆபீஸ்ல ஒக்காந்து போன் எடு. கொழந்தைக்காரி, ஒனக்கும் நல்லதுதானே" என்றார். எட்டு வருஷம், அத்தை. இந்தக் கம்பெனியில் லிஃப்ட் தலைமேல் நிற்கிற ஒரே பெண் நான். முதல் வருஷம் என் கையில் ஸ்பானரைக் கொடுக்கவே யோசித்தார்கள். அதைச் சம்பாதிக்க நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. எட்டுக் கிலோவுக்கு அதை விட்டுக்கொடுப்பதா?

"சார், பட்டறைக்கு வாங்க" என்றேன். அங்கே பழகுவதற்கு வைத்திருக்கும் லிஃப்ட் பெட்டி ஒன்று உண்டு, கூரைக் கதவு அதே அளவு. எல்லோர் முன்னாலும் ஏறினேன், பட்டி இல்லாமல். உள்ளே இறங்கினேன், மேலே ஏறினேன், மறுபடி இறங்கினேன். ஒரு பொத்தான் மட்டும் தெறித்து உருண்டது. யாரும் சிரிக்கவில்லை. வெளியே வந்து கையைத் தட்டிக்கொண்டு, "சார், வருஷா வருஷம் கூரையில நின்னு சோதிச்சேன்னு கையெழுத்துப் போடுறது நீங்கதானே? இப்ப நீங்க" என்றேன். அவர் தன் வயிற்றைப் பார்த்தார், கூரைக் கதவைப் பார்த்தார், மோட்டார் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பணிவாக ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "டீ ஆறிடும்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். அன்று சாயங்காலம் ஸ்டோரிலிருந்து எனக்குப் பெரிய அளவில் இரண்டு செட் சீருடை வந்தது. போனைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை. புதுச் சட்டைக்குள் இப்போதுதான் ஆழமாக மூச்சு விடுகிறேன்.

ஆகவே அத்தை, பட்டியை நான் இனிப் போடுவதாக இல்லை. கருவில் ஒன்பது மாதம், வெளியே பதினாலு மாதம் என்று இந்த உடம்பு இன்னொருவருக்கு வாடகை வீடாக இருந்துவிட்டது. இப்போது முழுக்க என் கைக்கு வந்திருக்கிறது. கொஞ்சம் பெரிதாகத்தான் வந்திருக்கிறது, எனக்குப் பரவாயில்லை. பால் அத்தியாயம் முடிந்தது. அதில் உங்களுடைய யோசனைகள், அட்டவணைகள், பார்சல்கள் எதுவும் இனித் தேவைப்படாது என்பதைப் பணிவோடும் உறுதியோடும் தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் முட்டிவலிக்கு மருந்து தடவுகிறீர்களா? வெயிலில் அலையாதீர்கள். நாத்தனாருக்கும் மருமகப்பிள்ளைக்கும் என் அன்பு. உங்கள் ஆசி எப்போதும் போல வேண்டும், ஆசி மட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்
(எடை குறிப்பிடுவதற்கில்லை)

பி.கு.: இதை மடிக்கப்போன நேரத்தில் உங்கள் பேத்தி நாற்காலியிலிருந்து விழுந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். ரத்தம் ஒரு துளிதான், அழுகை ஊரைக் கூட்டிற்று. உங்கள் மகன் தூக்கினார், பாடினார், யானை மாதிரி நடந்து காட்டினார். அவள் நேராக என்னிடம் வந்து பொத்தானைப் பிடித்து இழுத்தாள். இரண்டு மாதம் ஆயிற்று, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. அவளுக்கு அதைப் பற்றி அக்கறையும் இல்லை. அழுகை நின்று, கண்ணை மூடி, ஒரு கையால் என் காதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் பகுதியை இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். மேலே "நிறுத்தினோம்", "முடிந்தது" என்று வருகிற இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். நாளைக்கும் கேட்பாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எனக்கு இப்போதே பயங்கரமாகப் பசிக்கிறது, அத்தை. நீங்கள் எப்போது கிளம்பி வருகிறீர்கள்?