எங்க பம்ப்செட்டுக்கு வந்த டூரிஸ்ட்டுங்க

போன வாரம் எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. எங்க அருவியை போன் மேப்புல ஏத்தணும்.

சித்தூர் தாண்டி, பங்காருபாளையம் பக்கத்துல, காட்டோரமா இருக்கற சின்ன அருவி. டிக்கெட் கிழிக்கறது, குப்பை பொறுக்கறது, கேன்டீன்ல பச்சைப்பயறு தோசை, அதான் பெசரட்டு, சுடறது எல்லாம் எங்க டுவாக்ரா சுயஉதவிக் குழு பொம்பளைங்க பன்னெண்டு பேருதான். அதுல நானும் ஒருத்தி.

மலைக்கு அந்தாண்ட இன்னொரு அருவி இருக்குது. அங்க ஆன்லைன் டிக்கெட்டு. ட்ரோன்ல எடுத்த வீடியோ. செல்ஃபிக்குன்னே ஒரு மரப்பாலம்! திருப்பதியில சாமி பாத்துட்டு கார்ல வர்றவங்க மொத்தமும் நேரா அங்க போயிடுவாங்க. எங்க கிட்ட வர்றது வழி தப்பினவங்க மட்டும்.

ரேஞ்சர் சார் மீட்டிங்ல முகத்துக்கு நேரா சொல்லிட்டாரு. "இந்த சீசனும் ஆளு வரலன்னா கேட்டை மூட வேண்டியதுதாம்மா. போட்டி ஜாஸ்தி. டெக்னாலஜி காவாலி, டெக்னாலஜி வேணும்!"

அந்த வார்த்தையைக் கேட்டதும் பதினோரு தலையும் என் பக்கம் திரும்புச்சு. நான் பி.காம். அதுவும் கரஸ்ல.

அருவிகிட்ட சிக்னல் கிடையாது. பாறை மேல ஏறி நின்னு கையைத் தூக்கினா ஒரு கோடு வரும், கையை இறக்கினா போயிடும். அதனால வூட்டுக்கு வந்து, மாமரத்தடியில உக்காந்து, எல்லாத்தையும் நிரப்பினேன். போன மழைக்கு எடுத்த போட்டோ போட்டேன். "இயற்கை அன்னையின் மடியில்"னு எழுதினேன்.

கடைசியா போன் ஒரு கேள்வி கேட்டுச்சு. "நீங்கள் இப்போது இந்த இடத்தில் இருக்கிறீர்களா?"

நான் என் இடத்துலதானே இருந்தேன்? ஆமான்னு அழுத்திட்டேன்.

ஞாயித்துக்கெழமை காலைல எட்டரை இருக்கும். வூட்டு வாசல்ல ஒரு கார் வந்து நின்னுச்சு. பின்னாடியே ரெண்டு. இறங்கினவரு அரை டிராயர் போட்டுக்கினு, தோள்ல காத்தடிச்ச டியூப் மாட்டிக்கினு இருந்தாரு. வேலூர்க்காரரு.

"அக்கா, ஃபால்ஸ் எந்தப் பக்கம்?"

"இங்க ஏதுங்க ஃபால்ஸு?"

அவரு போனைக் காட்டினாரு. என் போட்டோ. என் இயற்கை அன்னை. அம்புக்குறி மட்டும் எங்க ஆட்டுக் கொட்டாய் மேல குத்திக்கினு நின்னுச்சு.

அப்பவே உண்மையைச் சொல்லியிருக்கணும். வாயைத் தொறக்கறதுக்குள்ள அவரு சம்சாரம் கத்திட்டாங்க. "ஏங்க, தண்ணி சத்தம் கேக்குது!"

அவ்ளோதான். மொத்த கூட்டமும் பின்பக்கம் ஓடுச்சு.

பின்னாடி மாந்தோப்புல பம்ப்செட்டு. தொட்டியில எங்க வூட்டுக்காரரு முனிரத்தினம் மூஞ்சி பூரா சோப்பு போட்டுக்கினு, கண்ணை மூடி நின்னுக்கினு இருந்தாரு.

"யாரு அது?"

"டூரிஸ்ட்டு."

"டூரிஸ்ட்டுக்கு இங்க இன்னா வேலை?"

"பேசாம இருங்க. நான் சமாளிக்கறேன்."

அவரு கண்ணைத் தொறக்கறதுக்குள்ள தொட்டியில ஏழு பேரு! துண்டோட ஒரு மூலையில ஒதுங்கினாரு. ஒரு பொண்ணு சொல்லுது, "அங்கிள், கொஞ்சம் தள்ளுங்களேன், போட்டோல விழறீங்க."

அங்கிள் தள்ளினாரு.

அடுத்து நெல்லூர்லேர்ந்து ரெண்டு கார்ல ஒரு குடும்பம். "ஜலபாதம் இதேனா?"ன்னு, அருவி இதுதானான்னு கேட்டாங்க. எங்க வூட்டுக்காரரு, "இதி மோட்டாரு"ன்னாரு. அதுதான் அருவி பேருன்னு நெனச்சுக்கினு, "மோட்டார் ஃபால்ஸ்!"னு பசங்களைக் கூட்டினு இறங்கிட்டாங்க.

ஒன்பதரைக்கு தண்ணி நின்னுச்சு.

வேலூர்க்காரரு தலையில ஷாம்பு. மேல குழாயைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு.

"அக்கா, அருவி நின்னு போச்சு."

"த்ரீ பேஸ் கரண்ட் போச்சுங்க. மத்தியானம்தான் வரும்."

அதுக்கு மேல மறைக்க முடியல. எல்லாத்தையும் சொன்னேன். ஒரு அம்மா என்னைத் திட்டின திட்டுல ஆடுங்க கத்தறதை நிறுத்திடுச்சு. ஒரு குடம் தண்ணி குடுத்து ஷாம்பு தலையைக் கழுவ வெச்சுட்டு, "நிஜ அருவி ஆறு கிலோமீட்டர்தாங்க, என் பின்னாடியே வாங்க"ன்னு ஸ்கூட்டியை எடுத்தேன். பின்னாடி அஞ்சு கார். மந்திரி கூட அப்படிப் போயிருக்க மாட்டாரு.

கேட்டுல குழுத் தலைவி ராஜம்மாக்கா அஞ்சு காரையும் பாத்து எழுந்து நின்னுட்டாங்க. "ஏதாச்சும் ரெய்டாடி?"

"டூரிஸ்ட்டுக்கா."

"அத்தனை பேருமா?"

ஆனா கோடைக்கு அருவி நூல் மாதிரி இறங்கிக்கினு இருந்துச்சு. வேலூர்க்காரரு டியூபைக் கீழ வெச்சுட்டு ரொம்ப நேரம் அண்ணாந்து பாத்தாரு.

"இதுக்கு மோட்டாரே தேவலாம்."

நல்லவேளை, எல்லாருக்கும் பசி. பெசரட்டு துன்ன உக்காந்தவங்க எழுந்திருக்கல. என்னைத் திட்டின அம்மா நாலு துன்னாங்க. பதினோரு மணிக்கு ராஜம்மாக்கா வந்து என் கையைப் புடிச்சாங்க. "மாவு தீந்து போச்சுடி." சாவு சேதி சொல்ற குரல்தான். ஆனா கண்ணுல தண்ணி, வாயில சிரிப்பு. அந்தக் கேன்டீன்ல மாவு தீந்தது அதான் மொத தடவை.

சாயந்திரம் மேப்புல அஞ்சு நட்சத்திரம். "அருவி சிறியது, வேகம் அதிகம். அங்கிள் நன்கு ஒத்துழைத்தார்."

ரேஞ்சர் சார் போன் பண்ணாரு. "சால பாகுந்தம்மா, ரொம்ப நல்லாருக்கு! கேட்டு இருக்கட்டும். மத்த குழுவுக்கும் நீயே ட்ரைனிங் குடு." சரி சார்னேன்.

அன்னைக்கே மேப்புல இடத்தை மாத்தச் சொல்லி அனுப்பினேன். மூணு நாள் கழிச்சு பதில் வந்துச்சு. நான் சொல்ற இடத்துல ஆள் நடமாட்டமே தெரியலையாம். இப்ப இருக்கற இடத்துக்குத்தான் நெறைய பேர் போய்ட்டு வர்றாங்களாம். திருத்தம் ஏத்துக்க முடியாதாம்!

நேத்து சித்தூர் போயி ஒரு டப்பா பெயின்ட் வாங்கினு வந்து, வாசல்ல போர்டு எழுதினேன். "இங்கே அருவி இல்லை. இன்னும் ஆறு கிலோமீட்டர்."

இன்னிக்குக் காலைல பாத்தா, மிச்ச பெயின்ட்ல எங்க வூட்டுக்காரரு கீழ ஒரு வரி சேத்து வெச்சிருக்காரு: "குளிக்க மட்டும் என்றால், எட்டு முதல் ஒன்பதரை வரை."