சூறாவளி சாமின் நிறம்

அமெரிக்காவில் ஒரு கதாநாயகனின் நிறத்தை மாற்றியதற்காகத் தொழிலை நிறுத்திய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் உத்திரமேரூரில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

நெல் மண்டியில் நான் மூட்டை தூக்கிய நாட்களில் பஞ்சர் துரையின் கடையில்தான் படுக்கை. பழைய டயர் தலையணை, கொசு இலவசம். ஆறாவதோடு நின்ற எனக்கு அங்கே படிக்கக் கிடைத்ததெல்லாம் சூறாவளி சாம் படக்கதைகள். சாம், மாடிக்கு மாடி தாவிக் கெட்டவர்களைப் புரட்டியெடுக்கும் அமெரிக்க வீரன்.

ஊர்த் திருவிழாவின் மாறுவேடப் போட்டிக்குத் துரை வருடா வருடம் சாமாகத்தான் வருவார். நீல பனியன், முதுகில் சிவப்புத் துண்டு. அவர் நிறமோ டயரோடு போட்டி போடும். அதனால் கூத்துக்காரர்களிடம் முத்துவெள்ளை அரிதாரம் வாங்கி முகமெல்லாம் அப்பிக்கொள்வார். 'துரை' பட்டம் வந்தது அப்படித்தான்.

ஒரே குறை, அவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு வருடம் பேய் என்றார்கள். இன்னொரு வருடம், சுண்ணாம்புக் காளவாயில் விழுந்துவிட்டார் என்று குடத்தோடு தண்ணீர் ஊற்றினார்கள்.

"ஒருத்தன், ஒரே ஒருத்தன் 'சாம்'னு கூப்ட்டா போதும்டா. அப்பால வேஷமே போடமாட்டேன்," என்பார்.

அந்த நேரத்தில்தான் செய்தி வந்தது: புதுப் படத்தில் சாமாக நடிப்பவர் ஒரு கறுப்பினத்தவர். செல்போனில் டிரெய்லர் பார்த்த துரை, கையிலிருந்த டியூபைத் தொட்டியில் நழுவவிட்டார்.

"அநியாயம்! சாம் பால் மாதிரி இருப்பான்டா!"

எதிர்க்கடை டீக்காரர் கன்னியப்பனும் அதே கதைகளில் ஊறியவர். "இன்னா நைனா, நம்ம புக்கே கறுப்பு வெள்ளை. அவன் கலரு உனக்கு எப்டி தெரியும்?"

"மனசுல தெரியும்."

"தாவறவன் ஒயுங்கா தாவுனா போதாதா?"

"நாளைக்கு நீ டீய நீலமா குடுத்தா எவன் குடிப்பான்?"

"என் டிக்காஷன் உன் கலர்லதான் கீது. நீ குடிக்கலியா?"

அன்று முழுக்கத் துரை வேலையைத் தொடவில்லை. பஞ்சர் ஒட்ட வந்தவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார்.

அந்தத் திருவிழாவுக்குத் துரை வீம்பாக இரண்டு பூச்சு பூசினார். "ஒரிஜினல் எப்டி இருப்பான்னு ஊரு பாக்கட்டும்!"

ஊர்வலம் ஏரிக்கரையில் திரும்பியதும் மழை கொட்டியது. முத்துவெள்ளை கரைந்து, துண்டை நனைத்து, பனியன் வழியாக ரோட்டில் ஓடியது. மிச்சமிருந்தது துரையின் சொந்த முகம். அவர் தலையைத் தொங்கப்போட்டார்.

"டேய், சூறாவளி சாம்டா!"

மழைக்கு ஒதுங்கியிருந்த கூட்டத்திலிருந்து யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். டிரெய்லர் பார்த்த பிள்ளைகள் எல்லாம் "சாம்! சாம்!" என்று மழையில் இறங்கிவிட்டன.

துரை என்னைப் பார்த்தார். "யாரைடா கூப்புடறானுங்க?"

"உன்னத்தாண்ணா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மழைத் தண்ணீர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மதகின் மேலேறிச் சேற்றில் ஒரு தாவு தாவினார். கால் பிசகிவிட்டது. கன்னியப்பன்தான் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்.

"இப்போ இன்னா சொல்றே?"

"ஒரிஜினல் வெள்ளதான். அதுல மாத்தமே இல்ல," என்றார் துரை, நொண்டிக்கொண்டே. "ஆனா இத்தினி பேரு கூப்புடறப்ப, நான் இல்லன்னா சொல்ல முடியும்?"

அடுத்த வருடமும் வேஷம் போட்டார், பூச்சு இல்லாமல். நான் அதற்குள் வேறு ஊர், வேறு மூட்டை என்று நகர்ந்துவிட்டேன். எங்கே அந்தப் படத்தின் போஸ்டரைப் பார்த்தாலும் நின்று பார்ப்பேன். நடிகர் பரவாயில்லை. ஆனால் எங்கள் துரையின் சாயல் கொஞ்சம் போதவில்லை.